ஊரறிந்த மர்மம்

1988ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ‘மிசிசிப்பி பர்னிங்’ என்ற ஹாலிவுட் படம், அமெரிக்கத் தென்மாநிலங்களின் நிறவெறி அரசியலைத் துப்பறியும் கதையாக மாற்றிச் சொன்ன படங்களுள் மிகுதியாகப் புகழப்பட்டதும் மிகுதியாக ஏசப்பட்டதும் ஆகும். அவ்வாண்டின் தலைசிறந்த படங்களின் பட்டியலில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அதற்கு முதலிடம் தந்தார். ‘நேஷனல் போர்ட் ஆஃப் ரிவ்யூ’ என்ற பழமையான திரைப்பட அமைப்பு அதனைச் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்கர் விருதுக்கு ஏழு பிரிவுகளில் அது பரிந்துரைக்கப்பட்டது. அதே படத்தை ‘நியூயார்க்கர்’ இதழின் பாலின் கேல் அறத்தின் பக்கம் நின்றே அருவருத்து ஒதுக்கினார். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் வெளிப்படையாகக் கண்டித்தார். எவருடைய கொலையைப் பற்றிப் படம் பேசியதோ அவர்களுடைய குடும்பங்களிலிருந்தே எதிர்ப்புக் குரல் எழுந்தது. புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் ஒரே படத்தின் ஒரே பண்பைத்தான் சுட்டினார்கள் என்பதைக் கவனித்தால், இந்த முரணுக்கான காரணம் இயக்குநரின் திறமைக் குறைவிலோ விமர்சகர்களின் மனச்சாய்விலோ இல்லை என்பதும், மர்மக் கதை என்ற வடிவத்திலேயே அது பொதிந்திருக்கிறது என்பதும் விளங்கும்.

படத்துக்கு மூலமான நிகழ்வு 1964ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தின் நெஷோபா கவுண்டியில் நடந்தது. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் அமைந்த நிர்வாகப் பிரிவு; அதன் காவல் தலைவரான ஷெரிஃப், மேலிருந்து நியமிக்கப்படாமல் உள்ளூர் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதால், வாக்குரிமை யார் கையில் இருந்ததோ அவர்கள் கைக்குள்ளேயே காவலும் சிறையும் இருந்தன. அந்த மாநிலத்தில் வாக்களிக்கும் வயதை எட்டிய கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட அப்போது வாக்காளர் பட்டியலில் இல்லை. இந்நிலையை மாற்றுவதற்காகக் குடிமை உரிமை அமைப்புகள் ஒன்றுகூடி நடத்திய ‘விடுதலைக் கோடை’ என்ற இயக்கத்தின் பணியாளர்களாகவே, மெரிடியன் நகரைச் சேர்ந்த 21 வயதுக் கறுப்பின இளைஞர் ஜேம்ஸ் சேனியும், நியூயார்க்கிலிருந்து வந்த யூதர்களான 24 வயது மைக்கேல் ஷ்வெர்னரும் 20 வயது ஆண்ட்ரூ குட்மனும் அன்று அங்கே சென்றிருந்தனர். விடுதலைப் பள்ளி நடத்த இடம் தர ஒப்புக்கொண்ட லாங்டேல் என்ற சிற்றூரின் மவுண்ட் சயன் தேவாலயம் ஐந்து நாட்களுக்கு முன்னர் எரிக்கப்பட்டிருந்தது. அந்தச் சாம்பலைப் பார்த்து, அடிபட்ட மக்களைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் வழியில், அதிவேகமாக வண்டி ஓட்டியதாகக் கூறித் துணை ஷெரிஃப் செசில் பிரைஸ் மூவரையும் மறித்து பிலடெல்ஃபியா என்ற ஊரின் சிறையில் அடைத்தார். இருட்டிய பிறகு அபராதம் வாங்கிக்கொண்டு வெளியே விட்டவரும், சிறிது நேரத்தில் நெடுஞ்சாலையில் மீண்டும் துரத்திப் பிடித்தவரும் அவரேதான். பிடிபட்டவர்களை அவர் ஒப்படைத்த கூட்டம் கு க்ளக்ஸ் க்ளான் எனப்பட்டது. அடிமை முறை ஒழிந்த உள்நாட்டுப் போருக்குப் பின் தோன்றி, கறுப்பின மக்களை அச்சத்தில் அடக்கிவைப்பதையே தொழிலாகக் கொண்ட வெள்ளையர் ரகசிய அமைப்பு அது. மூவரும் சுடப்பட்டு, ஒரு பண்ணையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மண் அணைக்குள் புதைக்கப்பட்டனர். உடல்கள் வெளிவர 44 நாட்கள் ஆயின.

இந்த 44 நாட்களையே படம் தன் களமாகக் கொள்கிறது. ஆலன் பார்க்கர் என்ற ஆங்கிலேய இயக்குநர், கிறிஸ் ஜெரோல்மோவின் திரைக்கதையைக் கொண்டு, நெஷோபாவை ஜெசப் என்ற கற்பனைக் கவுண்டியாக்கி, கூட்டரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் இருவரை அங்கே அனுப்புகிறார். வில்லம் டஃபோ நடித்த வார்டு, வடக்கிலிருந்து வந்த, விதிப்புத்தகத்தை நெஞ்சில் சுமக்கும் இளைஞர். ஜீன் ஹாக்மன் நடித்த ஆண்டர்சன், மிசிசிப்பியிலேயே ஷெரிஃபாக இருந்தவர் என்பதால் உள்ளூர் நாக்கும் உள்ளூர் நெளிவுசுளிவும் அறிந்த பழுத்த ஆள். திரையரங்கு ஒன்றையே அலுவலகமாக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான ஆட்களை இறக்கிச் சதுப்பு நிலத்தைச் சல்லடை போடும் முதலாமவரின் முறைக்கும், முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தே ஆளை அளக்கும் இரண்டாமவரின் முறைக்கும் இடையிலான உரசலே கதையை இழுத்துச் செல்லும் கயிறு.

இழுத்துச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதை எதிர்ப்பாளர்களும் மறுத்ததில்லை. முதல் காட்சியில் ஒரே சுவரில் இரண்டு குடிநீர்க் குழாய்கள் தெரிகின்றன. ஒன்றின் மேல் ‘வெள்ளையர்’ என்றும் மற்றதன் மேல் ‘நிறத்தவர்’ என்றும் பலகைகள். ஒரு வெள்ளை மனிதர் வந்து ஒன்றில் நீர் குடித்துப் போகிறார், பிறகு ஒரு கறுப்பினச் சிறுவன் வந்து மற்றதில் குடித்துப் போகிறான். மஹாலியா ஜாக்சனின் பக்திப் பாடல் ஒலித்துக்கொண்டிருக்க, வசனம் ஏதுமின்றி ஒரு சமூகத்தின் சட்டம் முழுவதும் சொல்லி முடிக்கப்படுகிறது. அடுத்து எரியும் தேவாலயம், அதற்கடுத்து இரவுச் சாலையில் பின்னால் நெருங்கும் வண்டிகளின் முகப்பு விளக்குகள் என்று தொடரும் இந்தத் தொடக்கத்துக்காகவே பீட்டர் பிஸியூவுக்கு ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரைத் தந்திருக்கலாம். ஏழு பரிந்துரைகளில் படத்துக்குக் கிடைத்ததும் அந்த ஒன்றுதான். துணை ஷெரிஃபின் மனைவியாக வரும் ஃபிரான்சஸ் மக்டார்மண்ட், வெறுப்பு பிறவியில் வருவதில்லை, ஏழு வயதிலேயே வேதத்தைக் காட்டி ஊட்டப்படுகிறது என்ற பொருளில் தாழ்ந்த குரலில் பேசும் இடத்தில், பின்னாளில் அவர் எத்தகைய நடிகையாக வளரப்போகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. ஹாக்மனுக்கு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. சிரித்துக்கொண்டே அச்சுறுத்தும் கலையில் அவருக்கு இணை அக்காலத்தில் இல்லை என்பதால் அந்தத் தீர்ப்பில் வியப்பும் இல்லை.

துப்பும் நடப்பும்

சிக்கல் தொடங்கும் இடம் வேறு. மர்மக் கதை என்பது ஒரு மறைபொருளை நடுவில் வைத்து, அதனைத் தேடும் ஒருவரை நாயகராக்கி, மறைபொருள் வெளிப்பட்டதும் முடிந்துவிடும் வடிவம். யார் செய்தது என்ற கேள்வி இல்லாமல் அதற்கு உயிர் இல்லை. நெஷோபாவில் அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் மிகச் சிலரே இருந்தனர். யார் பிடித்தார், யார் விட்டார், எந்தக் கூட்டம் பின்தொடர்ந்தது என்பது கறுப்பினக் குடியிருப்புகளிலும் வெள்ளையர் கடைவீதியிலும் ஒருவாறு ஊகிக்கப்பட்டே இருந்தது. அறியப்படாமல் இருந்தது வேறொன்று: கறுப்பின மனிதரைக் கொன்றதற்காக ஒரு வெள்ளையரைத் தண்டிக்க முன்வரும் வழக்கறிஞரும் நீதிபதியும் ஜூரர்களும் அந்த மாநிலத்தில் உண்டா என்பது. ஊரறிந்த ரகசியத்தை மர்மமாக்கினால் துப்பறிபவர் தேவைப்படுகிறார். துப்பறிபவர் வந்தவுடன் அதுவரை போராடியவர்கள் பின்னணிக்குத் தள்ளப்படுகிறார்கள். படத்தின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை.

உண்மையான புலனாய்வின் நடைமுறையோடு படத்தை ஒப்பிட்டால் விலகலின் அளவு தெரியும். ‘மிபர்ன்’ என்று கோப்பில் சுருக்கமாகப் பெயரிடப்பட்ட அந்த வழக்கில், உடல்கள் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது பணம். தகவல் தந்தவருக்காக ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 30,000 டாலர் என்று பதிவாகியுள்ளது. கொலையில் பங்குகொண்டவர்களில் ஜேம்ஸ் ஜோர்டன் உள்ளிட்ட இருவர் ஒப்புதல் வாக்குமூலம் தந்தனர். ஜோர்டன் அப்ரூவராக மாறினார். க்ளான் உறுப்பினராக இருந்துகொண்டே எஃப்.பி.ஐ.யிடம் சம்பளம் பெற்ற டெல்மர் டென்னிஸ் என்ற போதகர் 1967இல் சாட்சிக் கூண்டில் ஏறினார். கூலி, பொறுமை, கோப்பு, மீண்டும் கூலி என்று நகர்ந்த இந்த வேலையில் திரைக்கு ஏற்ற தருணம் குறைவு என்பது உண்மைதான். படத்திலோ, துணை ஷெரிஃபின் மனைவி ஆண்டர்சன் மீது கொண்ட நேசத்தால் உண்மையைச் சொல்கிறாள். அதற்காக அவளைக் கணவன் அடித்து நொறுக்கியதும், ஆண்டர்சன் முடிதிருத்தகத்துக்குள் நுழைந்து, நாற்காலியில் முகத்தில் நுரையோடு சாய்ந்திருக்கும் அவனருகே நின்று, சவரக்கத்தியைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறார். வேறொரு காட்சியில் நகரத் தலைவரைக் கடத்திக் குடிசைக்குள் கட்டிவைத்து, கறுப்பின அதிகாரி ஒருவர் பிளேடைக் காட்டிப் பேசவைக்கிறார். திரையரங்கு கைதட்டும்படி இக்காட்சிகள் அமைக்கப்பட்டுள்ளன. சட்டம் மதிக்கப்படாத ஊரின் கொடுமையைச் சொல்ல வந்த படம், அக்கொடுமைக்கு மருந்தாகச் சட்டத்தை மீறுவதையே சிபாரிசு செய்கிறது. அந்தக் கறுப்பின அதிகாரியோ முழுக் கற்பனை, ஜே. எட்கர் ஹூவரின் தலைமையில் 1964இல் இயங்கிய எஃப்.பி.ஐ.யில் கறுப்பின முகவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், மிசிசிப்பிக்கு அப்படி ஒருவரை அனுப்பி நகரத் தலைவரை மிரட்டும் துணிவை அந்த அமைப்பிடம் எதிர்பார்ப்பது நகைப்புக்குரியது.

எஃப்.பி.ஐ.யை மீட்பராகக் காட்டியதுதான் இயக்கத்தின் மூத்தவர்களை அதிகம் புண்படுத்தியது. தன்னார்வலர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பது தமது அமைப்பின் வேலை இல்லை என்று ஹூவர் அறிவித்திருந்தார். கறுப்பினத்தவர் தாக்கப்படும்போது எஃப்.பி.ஐ. முகவர்கள் அருகில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததைக் களப்பணியாளர்கள் பலமுறை கண்டிருந்தனர். மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில் முறையான அலுவலகமே, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் நெருக்குதலுக்குப் பிறகு, மூவரும் காணாமற்போன மூன்றாவது வாரத்தில்தான் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஹூவர் செய்தியாளர்களிடம் மார்ட்டின் லூதர் கிங்கை நாட்டின் படுமோசமான பொய்யர் என்று தூற்றினார். அதே மாதத்தில் எஃப்.பி.ஐ.க்குள்ளிருந்து கிங்கைத் தற்கொலைக்குத் தூண்டும் தொனியில் ஒரு மொட்டைக் கடிதமும் அனுப்பப்பட்டது. இவற்றை அறிந்தவர்கள் இருட்டு அரங்கில் உட்கார்ந்து, அந்த அமைப்பின் ஆட்கள் நீதிக்காகத் துடிப்பதைக் காணும்போது என்ன உணர்ந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய முயற்சி தேவையில்லை.

மற்றொரு குற்றச்சாட்டு கறுப்பினப் பாத்திரங்களின் மௌனம் பற்றியது. சாட்சி சொல்லத் துணியும் ஒரு சிறுவனையும் இரங்கல் கூட்டத்தில் சினந்து பேசும் ஒருவரையும் விட்டால், படத்தில் வரும் கறுப்பின மக்கள் பாடுகிறார்கள், ஓடுகிறார்கள், அடிவாங்குகிறார்கள், எரிந்த வீட்டைப் பார்த்து நிற்கிறார்கள். உடல்கள் கண்டெடுக்கப்பட்ட அதே ஆகஸ்ட் மாதத்தில், பருத்திக் காட்டுக் கூலியாக வாழ்ந்த ஃபேனி லூ ஹேமர், அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றதற்காகத் தமக்கு நேர்ந்ததைத் தொலைக்காட்சி வழியே நாட்டுக்கே சொன்னார் என்ற வரலாறு இப்படத்தின் பார்வைக்குள் வரவே இல்லை. ஒடுக்கப்பட்டவரின் விடுதலையை ஒடுக்கும் இனத்தின் நல்லவர் ஒருவர் வந்து பெற்றுத்தருவதாகச் சொல்லும் கதைமரபை விமர்சகர்கள் ‘வெள்ளை மீட்பர்’ கதை என்று அழைக்கிறார்கள்; அக்கலைச்சொல்லை விளக்க எடுத்துக்காட்டாக இப்படம் அடிக்கடி சுட்டப்படுகிறது. 1987ஆம் ஆண்டுதான் ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ என்ற தொலைக்காட்சி ஆவணத்தொடர், போராடியவர்களையே பேசவைத்து அதே வரலாற்றைச் சொல்லியிருந்தது என்பதால், வேறு வழியில் சொல்ல முடியாது என்ற சமாதானத்துக்கும் இடம் குறைந்துபோயிற்று.

பார்க்கர் அந்தச் சமாதானத்தையே சொன்னார். தமது படம் குடிமை உரிமை இயக்கத்தைப் பற்றியது இல்லை, அந்த இயக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பற்றியது என்றும், நாயகர்கள் இருவரும் வெள்ளையராக இருக்க வேண்டியிருந்தது திரைத்தொழிலை மட்டுமின்றிச் சமூகத்தையும் காட்டுகிறது என்றும், அன்றைய நிலையில் வேறு விதமாக அப்படம் எடுக்கப்பட்டிருக்கவே முடியாது என்றும் அவர் விளக்கினார். முதலீட்டாளரின் கணக்கை மறைக்காமல் சொன்ன நேர்மை இதில் உண்டு, ஏறத்தாழ 1.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு அமெரிக்காவில் மட்டும் சுமார் 3.5 கோடி டாலர் ஈட்டியதைப் பார்த்தால் கணக்கும் தப்பவில்லை. ஆனால் 1990இல் வெளியான ‘மர்டர் இன் மிசிசிப்பி’ என்ற தொலைக்காட்சிப் படம், துப்பறிபவர் எவரையும் நடுவில் வைக்காமல், ஷ்வெர்னரும் சேனியும் வாழ்ந்து பணியாற்றிய மாதங்களையே கதையாக்கிக் காட்டியபோது, முடியாது என்பதன் பொருள் விலைபோகாது என்பதே என்று தெளிவாயிற்று. இன்னொரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிடலாம்: 1967 வழக்கில் விடுதலை பெற்ற முன்னாள் ஷெரிஃப் லாரன்ஸ் ரெய்னி, கற்பனைப் பெயரில் வந்த ஷெரிஃப் பாத்திரம் தம்மைத்தான் குறிக்கிறது என்று கூறித் தயாரிப்பு நிறுவனத்தின் மீது 80 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார், பிறகு அதனை அவரே கைவிட்டார்.

படம் முடிந்த இடமும் வழக்கு நின்ற இடமும்

குற்றவாளிகள் கைதாவதையும் அவரவர் பெற்ற தண்டனையையும் உறைந்த சட்டகங்களின் மேல் எழுத்தாகக் காட்டிப் படம் கணக்கை முடித்துவிடுகிறது. நடப்பில் அந்தக் கணக்கு முடியவில்லை. கொலை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் மாநிலத்தின் வரம்புக்கு உட்பட்ட குற்றம். மிசிசிப்பி அரசு கொலை வழக்கே பதிவு செய்யாததால், 1870ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கூட்டரசுச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, குடிமை உரிமைகளைப் பறிக்கச் சதிசெய்தனர் என்ற குற்றச்சாட்டையே சுமத்த முடிந்தது. அதனையும் கூட்டரசு மாவட்ட நீதிபதி வில்லியம் ஹரால்டு காக்ஸ் பெருமளவு தள்ளுபடி செய்ய, உச்ச நீதிமன்றம் தலையிட்டு மீட்டெடுத்த பின், 1967 அக்டோபரில் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி முன் விசாரணை நடந்தது. பதினெட்டுப் பேரில் ஏழு பேர் தண்டிக்கப்பட்டனர். மிக நீண்ட தண்டனை 10 ஆண்டு. எவரும் 6 ஆண்டுக்கு மேல் சிறையில் இருக்கவில்லை. கொலைக்கூட்டத்தைத் திரட்டிய எட்கர் ரே கில்லன் என்ற போதகர் மீது ஜூரர்களில் பதினொருவர் குற்றம் கண்டும், ஒருவர் மட்டும் மதபோதகரைத் தண்டிக்க மனம் ஒப்பாததால் வெளியே வந்தார். 1980இல் ரொனால்டு ரேகன் தமது தேர்தல் பரப்புரையின்போது, உடல்கள் கிடைத்த இடத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள நெஷோபா கவுண்டிச் சந்தைத் திடலில் மாநில உரிமைகள் பற்றிப் பேசியபோது, கொலையுண்ட மூவரின் பெயரும் அவர் வாயில் வரவில்லை.

இந்த மறதியில் கல்லெறிந்தது, வரலாற்றைத் திரித்ததாக ஏசப்பட்ட அதே படம்தான் என்பது இதன் வரவேற்புக் கதையில் எந்த விமர்சகரும் எதிர்பாராத திருப்பம். 1989ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜாக்சனில் நடந்த சிறப்புக் காட்சியில், ‘கிளாரியன் லெட்ஜர்’ நாளிதழின் இளம் நிருபர் ஜெர்ரி மிட்செல், வழக்கைப் புலனாய்ந்த முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரிகளோடு அமர்ந்து படம் பார்த்தார். படம் முடிந்து அவர்கள் அதன் பிழைகளைப் பட்டியலிடத் தொடங்கியபோதுதான், இருபதுக்கும் மேற்பட்டோர் தொடர்புகொண்ட கொலைக்காக மாநிலம் ஒருவரையும் கொலைக் குற்றத்தில் நிறுத்தவில்லை என்பது அவருக்கு உறைத்தது. இனப்பிரிவினையைக் காக்க மிசிசிப்பி அரசு நடத்திய உளவு ஆணையத்தின் முத்திரையிட்ட கோப்புகளை அவர் தேடிப் பிடித்தார். அத்தேடலின் விளைவாக, 1963இல் குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைச் சுட்ட பைரன் டி லா பெக்வித் 1994இல் தண்டனை பெற்றார். க்ளானின் மிசிசிப்பித் தலைவர் சாம் பவர்ஸ், கொலைக்கு மூலகாரணமானவர் சுதந்திரமாக நடந்து சென்றதில் தமக்கு மகிழ்ச்சி என்று ஆவணக் காப்பகப் பேட்டி ஒன்றில் சொல்லியிருந்ததை 1998 இறுதியில் மிட்செல் வெளியிட்டதும் நெஷோபா வழக்குக்கு மீண்டும் உயிர் வந்தது. 2005 ஜூன் 21 அன்று, கொலை நடந்த அதே நாளில் சரியாக 41 ஆண்டு கழித்து, எண்பது வயது கில்லன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 60 ஆண்டுத் தண்டனை பெற்ற அவர் 2018இல் சிறையிலேயே இறந்தார். மாநில அரசு 2016இல் வழக்கை முடித்துவைத்தது.

ஒரு நிருபரின் உழைப்பைப் படத்தின் வரவில் வைப்பது நியாயமாகாது. கறுப்பினக் குடும்பங்கள் ஆண்டுதோறும் லாங்டேல் தேவாலயத்தில் கூடி நினைவேந்தல் நடத்திவந்தது படத்துக்கு முன்பே தொடங்கியது; சேனியின் தம்பி பென்னும் ஓயாமல் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்வையாளரைக் குமுறவைக்கும் திரைத்தொழிலில் படம் வென்றது, குமுறலுக்கு உரியவர்களை அடையாளம் காட்டுவதில் தோற்றது என்பதே அதனைப் பற்றிச் சொல்லத்தக்க தீர்ப்பு. தோல்வியின் சான்று அதன் இறுதிப் பெயர்ப்பட்டியலிலேயே அச்சாகியுள்ளது: கொல்லப்படும் மூவருக்கும் படத்தில் பெயர் இல்லை; ஒருவர் ‘ஆட்டுத்தாடி’, ஒருவர் ‘பயணி’, மூன்றாமவர் ‘கறுப்பினப் பயணி’. வண்டியை ஓட்டுபவர் தாடிவைத்த வெள்ளையர். கறுப்பினப் பயணி பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறார்.

1964 ஜூன் 21 அன்று துணை ஷெரிஃப் அந்த நீலநிற ஃபோர்டை மறித்தபோது அதனை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் சேனி. தம் மகனை அவருக்கு அருகிலேயே அடக்கம் செய்ய ஷ்வெர்னரின் பெற்றோர் விரும்பியும், இடுகாட்டிலும் நிறப்பிரிவினை இருந்ததால் அது நடக்கவில்லை. மெரிடியனுக்கு வெளியே தனியாக இருக்கும் சேனியின் கல்லறை பலமுறை சிதைக்கப்பட்டிருக்கிறது. கல் சாயாமல் நிற்பதற்காக அதன் பின்புறம் இரும்புச் சட்டங்கள் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டுள்ளன.